கேட்காமல் முறித்த குருத்து

மார்ச் 14, 1994 – திங்கள்

கடிதம் வந்துவிட்டது. வேலைக்குப் போகக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது கதவுத் துவாரத்தால் விழுந்தது. நின்ற நிலையிலேயே மூன்று தரம் வாசித்தேன். விதைப் பயிர் மேற்பார்வையாளர். ஒரு பருவம், ஏப்ரல் தொடக்கம் நவம்பர் வரை. விதை அறுவடை நன்றாக வந்தால் நிரந்தர வேலை. வராவிட்டால் கைகொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

கிளிநொச்சியில் விவசாயப் போதனாசிரியையாக இருந்தவள் நான். லண்டனுக்கு வந்த எட்டு வருஷமும் ஆரோ விளைவித்த தக்காளியைக் கடையில் மெஷினுக்குக் காட்டிக் 'கீக்' 'கீக்' என்று சத்தம் எழுப்பிக்கொண்டிருக்கிறேன். நாற்பத்திரண்டு வயது. இனி மண்ணில் கால் வைக்கவே மாட்டேன் என்று எண்ணியிருந்தேன்.

என்ன பயிர் என்று இவருக்கு எப்படிச் சொல்வது? அதுதான் இப்போது பெரிய பிரச்சினை.

மார்ச் 15

சொன்னேன். கஞ்சா என்று நேராகவே சொன்னேன். சுற்றி வளைக்க எனக்கு வராது.

தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். "தவம், விசரே உமக்கு?"

விளக்கினேன். இது நாருக்கும் விதைக்கும் வளர்க்கிற இனம், புகைத்தால் தலையிடிதான் வரும், போன வருஷம் தொடக்கம் அரசாங்கமே லைசென்ஸ் கொடுக்கிறது. கென்ற் கரையோரத்தில் நிலம், கடல் அரை மைல் தூரம், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டம், வைன் செய்கிறார்கள் என்றேன்.

"ஒரு பக்கம் கஞ்சா, மற்றப் பக்கம் வைன். நல்ல இடமாய்ப் பாத்துத்தான் பிடிச்சிருக்கிறீர்" என்றார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். யோகலிங்கம் சிரித்துவிட்டால் சம்மதம் என்றுதான் அர்த்தம். கலியாணம் கட்டிய நாள் தொட்டு அப்படித்தான்.

ஏப்ரல் 11

முதல் நாள். லூயிஷாமில் ஆறரை றெயிலைப் பிடித்தால் எட்டேமுக்காலுக்கு வயல். மனேஜர் கொலின், ஐம்பது வயது, அதிகம் பேசாத மனிதர். லைசென்ஸ் கடிதத்தைக் காட்டினார். விண்ணப்பித்து ஆறே கிழமையில் வந்ததாம். எனக்கு விசா வர நாலு வருஷம் எடுத்தது. இந்தச் செடி என்னைவிடக் கெட்டிக்காரச் செடி.

மே 9 – திங்கள்

விதைத்தோம். நார்ப் பயிர் ஐம்பது ஏக்கர், அது கொலினுடைய பொறுப்பு. விதைப் பயிர் இரண்டே இரண்டு ஏக்கர், ஐதாக, இடைவெளி விட்டு, வரிசை வரிசையாக. அந்த இரண்டும் என்னுடையவை. அடுத்த வருஷத்துக்கு வேண்டிய விதை முழுவதும் அதிலிருந்துதான் வரவேண்டும்.

மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தேன். சுண்ணாம்புக் கல் கலந்த மண். ஒட்டவில்லை, உதிர்ந்தது. சந்தோஷமாக இருந்தது. வேறென்ன எழுத?

மே 22 – ஞாயிறு

மோர்டனிலிருந்து இவரின் தமக்கை கனகாம்பிகை மச்சாளின் போன்.

"தவம், உண்மையே? கஞ்சாத் தோட்டத்தில வேலையாமே? கோயிலில ஆர் ஆரோ கதைக்கினம். எங்கட குடும்பத்தில ஒருதரும் பொலிஸ் ஸ்டேஷன் வாசல் மிதிச்சதில்லை."

"மச்சாள், பொலிசுக்குத் தெரிஞ்ச தோட்டம்தான். அவை வந்து பாத்திட்டும் போட்டினம்" என்றேன்.

"ஐயோ, பொலிசும் வந்திட்டுதே!"

இனி என்ன சொன்னாலும் அது வேறு விதமாகத்தான் மோர்டன் முழுக்கப் பரவும். போனை வைத்தேன்.

ஜூன் 22 – புதன்

றெயில் ஸ்ட்ரைக். போக ஏலாது. நான் போகாவிட்டாலும் களை வளரும்.

ஜூன் 23

வளர்ந்துதான் இருக்கிறது. வரிசைக்குள் மெஷின் விட முடியாது. கையால்தான் பிடுங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நானே லண்டனிலிருந்து ஆள் கொண்டுவருகிறேன் என்று கொலினிடம் சொல்லிவிட்டேன். கோயிலில் அம்பலவாணன் அண்ணையிடம் கேட்டேன். நீர்வேலியில் புகையிலைத் தோட்டம் வைத்திருந்தவர், இப்போது மகளோடு மோர்டனில் இருக்கிறார். "எத்தினை பேர் வேணும் பிள்ளை?" என்றார். அவ்வளவுதான். என்ன பயிர் என்று கேட்டதற்குச் சணல் என்று சொல்லிவைத்தேன்.

ஜூன் 26 – ஞாயிறு

எழுதத்தான் வேணும், இல்லாட்டி வெடிச்சிடுவன்.

ஒன்பது பேர் வான் ஒன்றில் வந்தார்கள். அம்பலவாணன் அண்ணை வயலில் கால் வைத்ததும் ஓர் இலையைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "பிள்ளை, இது சணலில்லை." ஓம் அண்ணை, இல்லை என்றேன். "பறவாயில்லை" என்று சொல்லிவிட்டு வரிசைக்குள் இறங்கிவிட்டார். பதினொரு மணிக்குள் களை முக்கால்வாசி முடிந்துவிட்டது. அவ்வளவு வேகம். இம்மாகுலேற் அக்கா லோண்டரியில் வேலை செய்கிறவ, ஒரு ஆளே மூன்று ஆளின் வேலை செய்தா.

குடிக்கத் தண்ணீர் வாங்க நானே வானை எடுத்துக்கொண்டு போனேன். அதுதான் பிழை. டயர் வெடித்தது. ஞாயிற்றுக்கிழமை, கராஜ் ஒன்றும் திறக்கவில்லை. ஐந்து மணித்தியாலம்.

திரும்பி வந்து பார்க்கிறன் – ஒரு ஏக்கர் முழுக்கக் குருத்து இல்லை! ஒவ்வொரு செடியும் உச்சி முறிச்சு மொட்டையாய் நிக்குது. வரம்பில குருத்துக் குவியல். ஒன்பது பேரும் வேர்த்து விறுவிறுத்து, நான் பாராட்டப் போறன் எண்டு சிரிச்சுக்கொண்டு நிக்கினம்.

"களை முடிஞ்சுது பிள்ளை. நீ வரக் காணேல்லை. சும்மா இருப்பான் ஏன் எண்டு குருத்தையும் முறிச்சுவிட்டம். இந்த உயரத்தில முறிக்காட்டிப் பிறகு கஷ்டம். மற்ற ஏக்கர்தான் மிச்சம்" என்றார் அண்ணை.

புகையிலை! புகையிலைக்குத்தான் குருத்து முறிக்கிறது! அதுவும் இலை தடிக்கிறதுக்கு! எனக்கு இலை வேண்டாம், உச்சியில பிடிக்கிற விதைதான் வேணும்!

"ஆரைக் கேட்டு முறிச்சனீங்கள்?" என்று கத்திவிட்டேன். எல்லாருக்கும் முன்னால். என் அப்பாவின் வயது இருக்கும் அவருக்கு. மண்வெட்டியைத் துடைத்து வரம்பில் சாத்திவிட்டு வானில் ஏறி இருந்தார். அவர்களுக்கென்று நான் கட்டிக்கொண்டு போன புளிச்சாதப் பார்சல் பிரிக்காமலே லண்டனுக்குத் திரும்பி வந்தது.

ஜூன் 27 – திங்கள்

காலையில் இவர் ஒரு யோசனை சொன்னார். "மான் கடிச்சதெண்டு சொல்லும். கென்றில மான் இருக்குத்தானே?"

இருபதினாயிரம் செடியை ஒரே உயரத்தில், வரிசை பிசகாமல் கடிக்கிற மான்! சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. றெயிலில் கொஞ்சத் தூரம் அதையும் யோசித்துப் பார்த்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். பொய் சொல்லி வேலையைக் காப்பாற்றினால் அந்த வேலையில் எனக்கு என்ன மரியாதை?

கொலினை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். என் ஆட்கள், நான் சொல்லிவைக்காதது என் பிழை என்றேன். குனிந்து ஒரு செடியின் முறிந்த நுனியைத் தடவிப் பார்த்தார். "இன்டரெஸ்டிங்" என்றார். வெள்ளைக்காரர் இன்டரெஸ்டிங் என்றால் சீட்டுக் கிழிந்தது என்று அர்த்தம். அவர் தொடர்ந்து சொன்னது இதுதான்: இந்த ஏக்கரைப் பற்றி நவம்பரில் பேசுவோம், அதுவரை உங்கள் பொறுப்பு.

ஜூலை 14

முறித்த இடத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் கிளை வெடிக்கிறது. நூறு செடி எண்ணினேன். நாலு கிளைக்குக் குறைந்தது ஒன்றுமில்லை. சிலதில் ஆறு, எட்டு.

அவசரப்படாதே தவநாயகி. கிளை வந்தால் விதை வரும் என்று இல்லை.

ஜூலை 17 – ஞாயிறு

கோயிலில் அம்பலவாணன் அண்ணையைக் கண்டேன். என்னைக் கண்டதும் தூணுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். நான் பின்னால் போகவில்லை. போயிருக்க வேண்டும். வாய் மட்டும் பெரிது எனக்கு.

ஆகஸ்ட் 18

அரசாங்கப் பரிசோதனை முடிவு வந்தது. போதைச் சத்து அனுமதித்த அளவில் பாதிகூட இல்லை. மச்சாளுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "அப்ப அது ஒண்டுக்கும் உதவாத கஞ்சாவே?" என்றா. இந்த மனுசியை எதனால் செய்திருக்கிறார்கள்?

இரண்டு ஏக்கரும் பூத்துவிட்டன. முறிக்காத ஏக்கர் ஒன்பதடி உயரம், ஒவ்வொரு செடிக்கும் பெரிய தலை ஒன்று. முறித்த ஏக்கர் என் நெஞ்சு உயரம்தான், ஆனால் ஒவ்வொரு கிளையிலும் ஒரு தலை. கொலின் வேலியில் நின்று பார்த்தார்.

செப்டம்பர் 7

பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரி மிஸிஸ் வெப் வேலியடியில் கூப்பிட்டுக் காட்டினா. பழக்குலைக்குள் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். காலையில் கடலிலிருந்து மூடுபனி ஏறுகிறது, பத்து மணி வரை போகிறதில்லை. "உங்களுக்கும் வரும், பாருங்கள்" என்றா. இந்தக் கரையில் இருபது வருஷம் திராட்சை வளர்த்தவ.

செடிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். முறிக்காத ஏக்கரில் தலை தடிப்பாக, உள்ளே ஈரமாக இருக்கிறது. முறித்த ஏக்கரில் தலைகள் சின்னவை. கடற்காற்று உள்ளே புகுந்து வருகிறது. ஒன்பது மணிக்கே காய்ந்துவிட்டது.

செப்டம்பர் 15 – வியாழன்

புயற்காற்று, மழை. லூயிஷாமிலேயே ஜன்னல் அடித்துக்கொண்டது. வயலில் என்ன நடக்கிறதோ.

செப்டம்பர் 16

விழுந்துவிட்டது. ஒன்பதடி ஏக்கர் பாய் விரித்தது போல நிலத்தில் கிடக்கிறது. தலை எல்லாம் சேற்றுக்குள். குனிந்து ஒன்றைத் தூக்கினேன், பூஞ்சணம் புகைபோலக் கிளம்பியது.

மொட்டை ஏக்கர் – நிக்குது! அசையாமல் நிக்குது! நான் வரம்பில குந்தியிருந்து அழுதிட்டன். மிஸிஸ் வெப் ஓடி வந்து எல்லாம் போய்விட்டதா என்று கேட்டா. இல்லை, இல்லை, பாதி இருக்கு என்று சொல்லிச் சொல்லி அழுதேன்.

செப்டம்பர் 20 – செவ்வாய்

விதை முற்றிவிட்டது. தட்டினால் கையில் கொட்டுகிறது. குருவிகள் வரத் தொடங்கிவிட்டன. அறுவடை மெஷின் ஒக்டோபர் மூன்றாம் திகதிதான் வரும் என்கிறார்கள். தரை ஈரம், அதற்கு முன் இறக்க மாட்டார்களாம்.

ஒக்டோபர் மூன்று! அதுவரை காத்திருந்தால் மிச்சம் குருவிக்கும் பூஞ்சணத்துக்கும்தான்.

செப்டம்பர் 22 – வியாழன்

காலநிலை அறிக்கை: சனியும் ஞாயிறும் கிழக்குக் காற்று, வெயில். திங்கள் தொடக்கம் ஒரு கிழமை மழை. மிஸிஸ் வெப்பும் அந்த இரண்டு நாளில்தான் வெட்ட நினைத்திருந்தவ. கடைசியில், தன் பழத்துக்கு இன்னும் பத்து நாள் இனிப்பு ஏற வேண்டும், குலை வெட்டுகிற கத்தரிகள் சும்மாதான் கிடக்கின்றன, எடுத்துக்கொள் என்றா. பழைய களஞ்சியமும் தருகிறாவாம், காயப்போட.

கொலினிடம் போய், கையால் வெட்டப்போகிறேன் என்றேன். ஒரு ஏக்கரையா, எத்தனை பேர் என்று கேட்டார். பதினைந்து பேர் என்றேன். இருக்கிறார்களா என்றார். இருக்கிறார்கள் என்றேன்.

ஒருவரும் இல்லை. அம்பலவாணன் அண்ணை சொன்னால்தான் மற்றவர்கள் வருவார்கள்.

இதை ஸ்டேஷனில் நின்றுதான் எழுதுகிறேன். வீட்டுக்குப் போகவில்லை. நேரே மோர்டன்.

செப்டம்பர் 23

நேற்று நடந்தது.

மகள் கதவைத் திறந்தா. அண்ணை ஹோலில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். பேப்பரை இறக்கவில்லை. நான் இருக்கவும் இல்லை, நின்றபடியே சொன்னேன்.

"அண்ணை, அண்டைக்கு அத்தினை பேருக்கு முன்னால உங்களைப் பேசினது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

பேப்பர் கொஞ்சம் இறங்கியது. "நான் கேக்காமல் முறிச்சது உண்மைதானே. ஆனா பிள்ளை, அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கமாட்டன்."

"கேக்க வேண்டாம் அண்ணை. நீங்கள் முறிக்காமல் விட்ட ஏக்கர் விழுந்து அழுகிப்போச்சு. நீங்கள் முறிச்சது மட்டும்தான் நிக்குது."

பேப்பரை மடித்து வைத்தார். கண்ணாடியையும் கழற்றினார். "நிக்குதோ?"

"ஓம். நெஞ்சு உயரத்தில, கிளைக்குக் கிளை விதை. சனிக்கிழமை வெட்டவேணும். திங்கள் மழை."

மகளைத் திரும்பிப் பார்த்தார். "பிள்ளை, அந்தப் போனை இஞ்சாலை எடு."

நான் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் பதினாறு பேர். கடைசியாக அழைத்தது கனகாம்பிகை மச்சாளை. "உங்கடை தம்பியாரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். மச்சாள் என்ன சொன்னாவோ, "பொலிசும் வரும், பயப்படாதேங்கோ, அவையும் வெட்டட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

செப்டம்பர் 25 – ஞாயிறு

முதுகு நிமிர்த்த ஏலாது. விரல் எல்லாம் பிசின். ஆனால் முடிந்தது! முழு ஏக்கரும்!

நேற்றுக் காலை எட்டுக்குப் பனி விலகக் காத்திருந்து இறங்கினோம். நானும் சேர்த்துப் பதினெட்டுப் பேர். திராட்சைக் கத்தரியால் தலையை மட்டும் வெட்டிக் கூடைக்குள். நெஞ்சு உயரம் என்பதால் குனியவும் வேண்டாம், எட்டவும் வேண்டாம். ஒன்பதடிப் பயிராக இருந்திருந்தால் ஏணிதான் வைத்திருக்க வேண்டும். கிழக்குக் காற்று கடலிலிருந்து வந்துகொண்டே இருந்தது, களஞ்சியத்தில் தொங்கவிட்ட தலைகள் பின்னேரத்துக்குள் சரசரத்தன. இன்று முழுக்க, களஞ்சியத் தரையில் விரித்த படங்கில் போட்டு அடித்தோம். இம்மாகுலேற் அக்கா அடிக்கிற அடியில் மிஸிஸ் வெப் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்துக்கொண்டு நின்றா.

இவர் நேற்று முழுக்க வெட்டினார். டியூப் ஸ்டேஷனில் இருந்து டிக்கட் கொடுத்த கை, மூன்று கொப்புளம். "இந்த வயசில கஞ்சா வெட்ட வைச்சிட்டீர்" என்று ஒவ்வொரு வரிசை முடிவிலும் ஒரு தரம் சொன்னார்.

மச்சாள்! மச்சாள் கடையில் வாங்கிய புது பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து, வேலியில் நின்று ஒரு மணித்தியாலம் சுற்றுமுற்றும் பார்த்தா. பிறகு தானே கத்தரியைக் கேட்டா. பின்னேரம், "நான் வெட்டின வரிசையைப் பாரும் தவம், ஒரு மணி கொட்டேல்லை" என்றா. உண்மைதான், ஒரு மணி கொட்டவில்லை.

கடைசிப் படங்கை உதறி மூட்டை கட்டினபோது மேற்கில் கறுக்கத் தொடங்கியது. அம்பலவாணன் அண்ணை மூட்டைகளைத் தட்டிப் பார்த்தபடி ஒரு சுற்று நடந்தார். கொலின் மூட்டைகளை எண்ணினார், மீண்டும் எண்ணினார். கை கொடுத்தார், எனக்கு அல்ல, முதலில் அண்ணைக்கு. எனக்கு அதில் ஒரு துளி மனவருத்தம் இல்லை.

செப்டம்பர் 26

மழை. கொட்டுது. கொட்டட்டும்!

ஒக்டோபர் 3

மெஷின் வந்தது. விழுந்த ஏக்கரில் எண்பது கிலோ, அதில் பாதி பூஞ்சணம் மணக்கிறது. களஞ்சியத்தில் நாங்கள் வெட்டிய ஏக்கர்: முந்நூற்று நாற்பது கிலோ.

முந்நூற்று நாற்பது. இன்னொருதரம் எழுதவேண்டும் போல இருந்தது, எழுதிவிட்டேன்.

நவம்பர் 10

முளைதிறன் பரிசோதனை: நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு.

நவம்பர் 17 – வியாழன்

கொலின் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

கேள்வி ஒன்றுதான் கேட்டார். அந்த ஏக்கரை முறித்தது பிழையாக நடந்தது என்று ஜூனில் சொன்னீர்களே, அறிக்கையில் அப்படியே எழுதவா, அல்லது பரிசோதனை என்று எழுதவா?

பரிசோதனை என்று எழுதினால் பெயர் எனக்கு. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பிறகு சொன்னேன்: பிழை என்றே எழுதுங்கள். செய்தவர்களின் பெயரையும் எழுதுங்கள். ஒன்பது பேர், எழுத்துப் பிசகாமல் நானே எழுதித் தருகிறேன்.

மேசையில் கடிதம் கையெழுத்திட்டுத் தயாராகவே கிடந்தது. நிரந்தர வேலை. நான் எதைச் சொல்லியிருந்தாலும் அது கிடைத்திருக்கும் போல. அதனால் இன்னும் சந்தோஷம்.

வீட்டுக்கு வந்து இவரிடம் கடிதத்தைக் கொடுத்தேன். இந்த முறை சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தார். "பசிக்குது, சோறு போடும்" என்றார்.

ஜூன் 25, 1995 – ஞாயிறு

இந்த வருஷம் விதைப் பயிர் பன்னிரண்டு ஏக்கர். இன்று பன்னிரண்டும் குருத்து முறிப்பு. முப்பத்தாறு பேர், லூயிஷாமிலிருந்தும் மோர்டனிலிருந்தும் இரண்டு பஸ்.

கொலினும் கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு வரிசைக்குள் இறங்கினார். பத்துச் செடிதான் முறித்திருப்பார், பின்னால் அம்பலவாணன் அண்ணையின் சத்தம்: "உதென்ன முறிப்பு? நுனியைக் கிள்ளினாக் காணுமே? கணுவுக்கு மேல, இறுக்கிப் பிடிச்சு முறி!"

அண்ணை என்ன சொல்கிறார் என்று கொலின் என்னைக் கேட்டார். முறித்தது போதாதாம், முதலிலிருந்து செய்யட்டாம் என்றேன்.

கொலின் வரிசையின் தொடக்கத்துக்கு நடந்துபோய், குனிந்து, முதல் செடியை இறுக்கிப் பிடித்தார்.